கரையில் ஒரு பேச்சுத்துணை

தலையாட்டினால் செல்லாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது ஐஸ் குளியல் கழகத்தின் முதல் விதி. அது ஏன் இந்த நேரம் பார்த்து, பின்லாந்தில் பெயர் வாயில் நுழையாத ஓர் ஏரியின் மேல், இரண்டு ஜோடி காலுறைக்குள்ளும் விரல்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் விடைபெற்றுக்கொண்டிருக்கும்போது மண்டைக்குள் ஓடுகிறது என்று எஸ்கலினுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவள் மாதிரி நீச்சல் போட்டி வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, குளியல் உடையில், கல்யாணப் பந்திக்கு நிற்பவர்களைப் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏரி முழுக்க உறைந்து கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் பனிப்பாளத்தை ரம்பத்தால் நீளமாக அறுத்தெடுத்துக் குளம் பண்ணியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் கறுப்பாக, அசையாமல், யாரும் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்பதுபோல் இருந்தது. நாலு நீளம். போய், வந்து, போய், வந்து. தூத்துக்குடியில் பிறந்து, பனிமய மாதாவை ஐம்பது வருஷத்துக்கு மேல் கும்பிட்டவள், பனி என்ற ஒன்றை நேற்றுதான் கண்ணால் பார்த்தாள். விமான நிலைய வாசலில் ஒரு கை அள்ளினாள். ஐஸ் பிளாண்டில் ஐஸ் கட்டியை அறுக்கும்போது பறக்கும் தூள் மாதிரியே இருந்தது, மீன் வாடை மட்டும் இல்லை, அது ஒரு குறையாகவே பட்டது. இதை உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினாள். சொல்ல வேண்டிய ஆள் அந்தப் பக்கம் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கழகத்துப் பிள்ளை மெர்சலினிடம் சொன்னாள். மெர்சலின், "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டுப் பனியோடு தன்னைப் படம் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆள் இப்போது நாலு எட்டுத் தள்ளித்தான் நிற்கிறார். குளத்துக்குள் இறங்கும் மர ஏணிக்குப் பக்கத்தில், பழுப்பு நிற மங்கி குல்லாவுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு, தோளில் கம்பளிகளும் கையில் சுக்குக்காப்பி பிளாஸ்க்குமாக. கோமதிநாயகம், கழகத்தில் எல்லாருக்கும் நாயகம் சார், மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைக்காரர், ரத்த அழுத்தம் என்று டாக்டர் தண்ணீருக்குள் இறங்க விடாததால் கம்பளிப் பொறுப்பாளர். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மனிதர் என்ன பாடுபடுகிறார் என்பது ஊருக்கே தெரியும்படி பார்க்கவில்லை. பிளாஸ்க் மூடியைத் திருகுகிறார், திறக்கிறார், மறுபடி திருகுகிறார். அப்படி என்ன இருக்கிறது அந்த மூடியில் என்று எஸ்கலினுக்கு எரிச்சல் வந்தது, எரிச்சலுக்கு அடியில் வேறொன்று கிடந்தது, அதற்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று கார்த்திகை மாதத்திலிருந்து தள்ளிப்போட்டு வந்திருக்கிறாள், இங்கே, இத்தனை கடல் தாண்டி வந்த இடத்தில், தள்ளிப்போட இனி இடமும் இல்லை. ஏக்கம்தான். வேறென்ன. இந்த வயதில் வந்தால் என்ன, அது முடி நரைத்திருக்கிறதா என்று பார்த்தா வருகிறது.

ஐஸுக்குள் அவள் இறங்கியதும் ஒன்றும் பெரிய லட்சியத்தால் இல்லை. உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்ட மாதிரி எரிந்த வருஷம் அது, மாதவிலக்கு நிற்கிற வயதில் வரும் அந்த எரிச்சல், பள்ளிக்கூட லேபில் பிப்பெட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே நெற்றியும் முதுகும் ஊற்றும். அவள் டீச்சர் இல்லை, லேப் உதவியாளர், ஆனாலும் ஊர் டீச்சர் என்றே கூப்பிட்டது, அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள். ரெமிஜியுஸ் என்ற பையன், அவன் மாமாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளாண்ட், பின்புறத்துப் பழைய சிமெண்டுத் தொட்டியில் ஐஸ் பார்களை உடைத்துக் கொட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களை இறக்குகிறான் என்று கேள்விப்பட்டதும், கூலி கொடுத்தாவது உள்ளே போய் உட்கார வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. லோடு ஏற்றுகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "மீனு கெடாம இருக்க ஐஸு. இந்த மனுசங்க எதுக்குலே உள்ள கெடக்காவ?" "இவங்களும் கெடாம இருக்கணும்லா." முதல் நாள் இறங்கியபோது மூச்சு நின்று, திரும்ப வந்ததும், எரிந்துகொண்டிருந்த உடம்பு ஒரே நொடியில் அமைதியானது, புருஷன் எட்வின் இறந்த பிறகு அப்படி ஓர் அமைதியை அவள் அறிந்ததே இல்லை. அழுதாள்கூட, ஐஸ் தண்ணீரில் யாருக்குத் தெரியப்போகிறது. தொட்டிக்கு வெளியே நாயகம் சார் குந்தவைத்து உட்கார்ந்து கேட்டார். "பேரு என்ன டீச்சர்?" "டீச்சர்னு சொல்லிட்டுப் பேரு என்னங்கீங்க?" என்றாள் பல் கிட்டிக்க. "டீச்சர் வாயி நல்லா இருக்கு!" என்று அவர் கத்தியதில் தொட்டியைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள்.

அதுதான் பேச்சுத்துணை. குளிரில் கை கால் மரத்தது ஆளுக்குத் தெரியும், நாக்கு மரத்தது ஆளுக்குத் தெரியாது, தான் நன்றாகப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு முங்கிப் போவான் என்று ரெமிஜியுஸ் எங்கேயோ படித்துவிட்டு வந்து விதி போட்டான். உள்ளே ஒருவர் இறங்கினால் கரையில் ஒருவர். கரையில் இருப்பவர் விடாமல் கேள்வி கேட்க வேண்டும், ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வி கூடாது, தலையாட்டல் செல்லாது. உள்ளே இருப்பவர் சொன்ன பதிலைத் துணை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், மேஜையில் கடிகாரத்தோடு இருக்கிற ரெமிஜியுஸ் காதில் விழுந்தால்தான் கணக்கு. வார்த்தை குழறினால் தூக்கிவிடுவார்கள். நாயகம் சாருக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்விதான். "நேத்து ராத்திரி என்ன கொழம்பு டீச்சர்?" முதல் வாரம் அவள் சொன்னாள், மோரும் ஊறுகாயும். "மோரு ஊறுகாயாம்!" இரண்டாம் வாரம், மோரும் ஊறுகாயும். "மறுபடியும் மோரு ஊறுகாயாம்!" வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை மீன்காரியிடம் சாளை வாங்கினாள். "ஒரு ஆளுக்குத்தானக்கா?" என்று எப்போதும் கேட்கிற அவளிடம் அன்று, ஆமா, ஆனா நல்லதாப் போடு என்றாள். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பதில் வேண்டுமே. அப்புறம் சுறாப்புட்டு, ஊளி மீன் வறுவல், கணவாய்த் தொக்கு. எட்வின் உயிரோடு இருந்தபோது வைத்த குழம்பெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் திரும்பி வந்தது. வைப்பது தனக்கு, சாப்பிடுவதும் தான் மட்டும், ஆனால் அரைக்கும்போதே "சுறாப்புட்டாம்!" என்ற சத்தம் காதில் கேட்கும், அம்மிக்கு எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ரத்த அழுத்தம் வரும்வரை அவரும் இறங்குவார், அப்போது அவள் துணை. "சாருக்கு நேத்து என்ன?" "சோறு கொழைஞ்சிட்டு. கஞ்சின்னு நெனச்சிக் குடிச்சிட்டேன்." இன்னொரு வாரம், ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டதாம். மனைவி போய், மகளையும் சிவகாசியில் கட்டிக்கொடுத்த வீட்டில் ரசம் பொங்கினால் இறக்கி வைக்க யார் இருக்கிறார்கள். அவள் உரக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சொல்லாமல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

ஒலிபெருக்கிக் குழாயில் ஏதோ அறிவித்தார்கள். வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. மெர்சலின் ஓடி வந்து, "அக்கா, நான் கூடவே ஓரத்துல நடப்பேன், பயப்படாதீங்க" என்றாள். நல்ல பிள்ளை, ரெமிஜியுஸின் சித்தி மகள், வாய் ஓயாத பிள்ளை, ஆனால் கேள்வி கேட்கத் தெரியாது. குளிருதாக்கா என்று கேட்பாள். ஐஸுக்குள் கிடக்கிறவளிடம். அப்படி ஒரு துணையைத் தனக்குத் தானே தேடிக்கொண்டதை நினைத்தால் எஸ்கலினுக்குச் சிரிப்பும் வரவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிறு, மழை விட்டிருந்தது, முற்றத்தில் லோடுமேன்கள், மேஜையில் ரெமிஜியுஸ், தொட்டியைச் சுற்றிக் கழகம் மொத்தமும். நாயகம் சார் வழக்கம்போல என்ன குழம்பு என்று கேட்டார், அவள் வழக்கம்போலச் சொன்னாள், அவர் வழக்கம்போல உரக்கச் சொன்னார். பிறகு குனிந்தார். குரல் இறங்கிவிட்டது. "இவ்வளவும் வச்சி, ஒத்தையில சாப்பிடுறது எப்பிடி இருக்கு டீச்சர்?" பதில் அந்த நொடியே நாக்கு நுனியில் வந்து நின்றது. சலிக்குது. வேறு சொல்லே இல்லை அதற்கு, வருஷக்கணக்கில் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான். வாயைத் திறந்தாள். திறந்தவளுக்கு விதி ஞாபகம் வந்தது. சொன்னால் அவர் திருப்பிச் சொல்வார், உரக்க, "சலிக்குதாம்!" முற்றம் கேட்கும், லோடுமேன்கள் கேட்பார்கள், மத்தியானத்துக்குள் ஏலக்கூடம் கேட்கும், சாயங்காலப் பூசைக்குள் கோயில் கேட்கும், எட்வினின் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்பாள், விபூதிக்காரரிடமா சலிக்குதுன்னு சொன்னே. அவள் நாக்கை மடித்துக்கொண்டாள். கள் குடித்தவன் மாதிரி ஏதோ உளறினாள். நடித்தாள். அவர் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கத்தாமல், கையை மட்டும் தூக்கி, "நாக்கு போயிட்டு. தூக்குங்க" என்றார். தூக்கினார்கள். கம்பளிக்குள் அவள் நடுங்கியதில் பாதி நிஜம். அடுத்த வாரம் அவர் ரெமிஜியுஸிடம், "டீச்சருக்கு வேற ஆளப் போடுங்க தம்பி. என் கேள்வி சரியில்ல" என்றதை அவள் காதால் கேட்டாள்.

என் கேள்வி சரியில்ல. என் கேள்வி சரியில்ல. அன்று முதல் இதையே போட்டு மென்றுகொண்டிருக்கிறாள், துப்பவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை. நாக்கு மரக்கும்வரை கவனிக்காமல் விட்டேனே என்று சொன்னாரா? மரக்கவே இல்லை என்று கண்டுகொண்டு, கேட்டது தப்பு, அவளுக்கு இஷ்டமில்லை என்று ஒதுங்கினாரா? முதலாவது என்றால் பொய்யால் ஒரு நல்ல மனிதரைக் குற்றவாளி ஆக்கினாள். இரண்டாவது என்றால் அவர் ஒரு பதிலோடு வீட்டுக்குப் போனார், அவள் சொல்லவே சொல்லாத பதிலோடு. எதுவாக இருந்தாலும் சனிக்கிழமைகள் போய்விட்டன. மறுபடியும் மோர், ஊறுகாய். சில நாள் அதுவும் இல்லை, பன்னை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வாள். மெர்சலின் கரையில் நின்று வேலாயுதபுரம் பஸ் நம்பர் கேட்டாள், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பெயர் கேட்டாள், எல்லாவற்றுக்கும் எஸ்கலின் சரியாகச் சொன்னாள், பின்லாந்துப் போட்டிக்குத் தேறியும் விட்டாள். என்ன குழம்பு என்று யாரும் கேட்கவில்லை.

குழாயில் அவள் பெயரைக் கடித்துத் துப்பிச் சொன்னார்கள். வெள்ளைக்காரக் கூட்டம் கை தட்டியது, அவள் தலையில் இருந்த மங்கி குல்லாவுக்காக இருக்கும், கழகத்தின் சீருடை அது, தலையை நனைக்கக் கூடாதென்று. காலுறையைக் கழற்றினாள். அங்கியைக் கழற்றினாள். நாயகம் சார் கையை நீட்டினார், அங்கிக்காக. அவள் கொடுத்தாள். "ஏணி வழுக்குது" என்றார் அவர், அங்கியிடம். இப்போதே சொல்லிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் நிற்கிறார். நாக்கு சூடாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது, ஒரு சொல்தான். ஆனால் கொடிக்காரர் கையைக் காட்டிவிட்டார், பக்கத்துத் தடத்துப் பெண் இறங்கிவிட்டாள், இவளும் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, சேசுவே, மார்பு. மூச்சு வெளியே போகிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது. ஏணியோர மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். விசில்.

போ. கையை விரி, சேர், விரி. மூச்சு விடு, விடு, விட்டால்தான் வரும். தண்ணீர் கழுத்தைக் கயிறு மாதிரிச் சுற்றிக்கொண்டது. தொட்டித் தண்ணீருக்கு அடி உண்டு, கால் ஊன்றினால் சிமெண்டு, இதற்கு அடியே இல்லை, கீழே என்ன இருக்கிறதோ, இருக்கட்டும், மேலே பார். "அக்கா! ஒங்க வீட்டு கேட்டு என்ன கலரு?" மெர்சலின் பனிமேல் சறுக்கிச் சறுக்கி நடந்து வருகிறாள். "பச்ச!" "பச்சையாம்!" அந்தக் கேட்டைத் திறந்தால் கிரீச் என்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் கேட்க வீட்டுக்குள் யாரும் இல்லை, எண்ணெய் போட்டால் நின்றுவிடும், அவள் போடவில்லை, சத்தமாவது இருக்கட்டும். எதிர்ப் பனிச்சுவரைத் தொட்டாள். திரும்பினாள். திரும்பியதும் எதிரே, தூரத்தில், பழுப்புக் குல்லா. இந்த நீளம் அவரை நோக்கிப் போகிற நீளம். கை தானாகவே வேகம் எடுத்தது, வெட்கம் கெட்ட கை. அவர் இப்போது பார்க்கிறார். எல்லாரும் பார்க்கிற இடத்தில் பார்க்கலாம் அல்லவா, அதனால் தைரியமாகப் பார்க்கிறார். கிட்ட வர வர அவர் கண்கூடத் தெரிந்தது, கட்டையைத் தொட்டாள், திரும்ப வேண்டும், திரும்பித்தான் ஆக வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி தூரம் போக வேண்டும், இதைப்போல ஒரு அநியாயம் உண்டா.

மூன்றாவது நீளத்தில் விரல்கள் போயின. கை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உடம்பு வலிக்கவில்லை, அதுதான் மோசம், இனிமையாக இருந்தது, இப்படியே கிடந்தால் என்ன என்று இருந்தது. கிடந்தால் யார் தேடப்போகிறார்கள், மீன்காரி தேடுவாள், ஒரு ஆளுக்குத்தானக்கா. "அக்கா! நேத்து ராத்திரி என்ன சாப்ட்டீங்க?" எஸ்கலினுக்குத் திடுக்கென்றது. அந்தக் கேள்வி வேறொருவருடையது. தப்பான வாயிலிருந்து வந்துவிட்டது. உள்ளே சுள்ளென்று ஒரு கோபம் மூண்டது, அதில் கொஞ்சம் சூடும் இருந்தது. "ரொட்டி" என்றாள். 'ட்டி' வழுக்கிக்கொண்டு போனது. அவள் காதுக்கே கேட்டது. "ரொட்டியாம்!" என்றாள் மெர்சலின், அந்தக் குழறல் பிள்ளையின் காதில் விழவில்லை. நாக்கு போகிறது. நிஜமாகவே போகிறது. நடித்ததற்குக் கூலி கேட்டு வந்துவிட்டது. சுவர். திரும்பு. இன்னும் ஒரு நீளம்தான், அவரை நோக்கிப் போகிற நீளம், முடிவில் ஏணி, ஏணியில் அவர். சொல்லப் போகிறேன். மாதாவே, சொல்லத்தான் போகிறேன், ஊர் கேட்கட்டும், எட்வினின் அக்கா கேட்கட்டும், எட்வினே கேட்டால்கூட அவன் சரி என்றுதான் சொல்வான், தனியாகச் சாப்பிட விடமாட்டானே அந்த மனிதன், டியூட்டியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் எழுப்பி உட்கார வைத்துத்தானே தின்பான். நாக்கே, இன்னும் கொஞ்சம் இரு. சலிக்குது, சலிக்குது என்று வாய்க்குள்ளேயே உருட்டினாள், வாயிலிட்ட மிட்டாயை உருட்டுவதுபோல, நின்றுவிட்டால் உறைந்துவிடும். "அக்கா, நம்ம செகரட்டரி பேரு என்ன?" பதில் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு வைத்திருக்கிற நாக்கை ரெமிஜியுஸ் பெயருக்கா செலவு பண்ணுவாள். "அக்கா! பதில் சொல்லுங்கக்கா! அண்ணே, அக்கா பேச மாட்டேங்காங்க!" பனிமேல் காலடிகள் ஓடின. பழுப்புக் குல்லா குனிந்தது, மண்டியிட்டது. கட்டை. தொட்டாள்.

இரண்டு கைகள் அக்குளுக்கு அடியில் வந்து அவளை மேலே எடுத்தன. கம்பளி, இன்னொரு கம்பளி. பனிமேல் உட்கார வைத்தார். அவர் முகம் எதிரே இருந்தது, இத்தனை மாதங்களில் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை. வாயைத் திறந்தாள். "ஸ்ஸ... ய்..." ஒன்றும் இல்லை. கூழ். மறுபடி முயன்றாள், மறுபடி கூழ். இதையும் நடிப்பு என்று நினைத்துவிட்டால்? போன முறை வந்த அதே குழறல், அதே கம்பளி. தலையை ஆட்டினாள், ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், தலையாட்டல் செல்லாதே. கண்ணில் நீர் முட்டியது, அது ஒன்றாவது சூடாக இருந்தது.

நாயகம் சார் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ் ஒதடு எடது பக்கம் கோணிட்டு. இது நெசம்" என்றார். பிளாஸ்க்கைத் திறந்தார், மூடியில் ஊற்றினார், அவள் கை பிடிக்காது என்று அவரே வாயருகில் கொண்டுவந்தார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னைக்குக் கோணல டீச்சர்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கத்தாமல் கையை மட்டும் தூக்கியிருக்கிறார், தெரிந்துதான் பழியைத் தன் கேள்வியின்மேல் போட்டுக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார், இத்தனை நாள் அந்தப் பதிலோடு தனியாக உட்கார்ந்து குழைந்த சோற்றைத் தின்றிருக்கிறார். 'இல்லை, இல்லை' என்று அவள் தலையை ஆட்டினாள்.

"குடிங்க. அவசரமில்ல. நான் கேட்டது அங்கனயேதான் கெடக்கு."

சுக்கு தொண்டையை எரித்துக்கொண்டு இறங்கியது. இன்னொரு வாய். நாக்கின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ திரும்பி வந்தது. கழகத்து மேஜையிலிருந்து ரெமிஜியுஸ் கூப்பிட்டான்: "நாயகம் சார், டீச்சருக்கு வாய் வந்துட்டா? பதில் கேட்டீங்களா இல்லையா?" மெர்சலின் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கழகம் மொத்தமும் வந்து சுற்றி நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நின்ற அதே ஆட்கள்.

எஸ்கலின் மூச்சை இழுத்தாள்.

"சலிக்குது" என்றாள். ஓர் எழுத்துக்கூடக் குழறவில்லை.

"என்னக்கா சலிக்குது?" என்றாள் மெர்சலின். "என்ன சொன்னாங்க சார்? காதுல விழலையே!" என்றான் ரெமிஜியுஸ்.

நாயகம் சார் மேஜைப் பக்கம் திரும்பவில்லை. குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே, விதிப்படி, ஏரி முழுக்கக் கேட்கும்படி, இந்த முறை 'ஆம்' சேர்க்காமல், உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"சலிக்குது."